வறட்டுத் தேய்ப்பு

இரண்டு தோளும் கழன்று தொங்குவது போல வலித்தது அவளுக்கு. ஆஸ்பத்திரி விரிப்புகளை நீராவி இயந்திரத்தில் கொடுத்து அமுக்கி எடுக்கிற வேலை. ஈரம், சூடு, பாரம் மூன்றும் நாள் முழுக்க. வீட்டுக்கு வந்தால் விரல் மடங்காது. ஆனாலும் அடுப்புப் பக்கம் போகாமல் முதலில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பிரஷ்ஷை எடுப்பாள்.

நீளமான மரக்கைப்பிடி, முட்டை வடிவத் தலை, கெட்டியான நார். சலவைக்கூடத்தில் கூட வேலை பார்க்கிற நெட்டை சொல்லிக்கொடுத்த பழக்கம். தண்ணீர் படாத உடம்பில், பாதத்தில் ஆரம்பித்து, நெஞ்சைப் பார்த்து மேலே இழுக்க வேண்டும். அழுத்தக் கூடாது. பிறகு குளியல், பிறகு கொஞ்சம் எண்ணெய். ரத்தம் நன்றாக ஓடும் என்றாள் நெட்டை. ரத்தம் ஓடியதா என்று இவளுக்குத் தெரியாது. செத்த தோல் உதிர்ந்து உடம்பு லேசாவது தெரியும். எவன் எவனோ படுத்த விரிப்பைத் தடவுகிற கை அந்தக் கொஞ்ச நேரம் தன்னைத் தடவும். அது போதும்.

புருஷனுக்கு அது கேலி. குதிரை லாயம் திறந்தாச்சா என்று வெளியே நின்று கதவைத் தட்டுவான்.

போன மழைக்காலத்தில் அவன் விட்ட அறையில் அவளுக்கு ஒரு கடைவாய்ப்பல் போயிருந்தது. அவள் அண்ணன் வந்து வாசலை மறித்து நின்றதும், இனி யார் மேலும் கை வைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தான். கிடங்கில் மூட்டை தூக்கும் வேலையையும் அண்ணனே பேசி வாங்கிக் கொடுத்தான். அண்ணன் கிளம்பிய பிறகு அவள் தன் பங்குக்கு ஒன்று சொன்னாள்.

"இனிமே அடிச்சீங்கன்னா திருப்பிக் கொடுப்பேன். ஒண்ணுக்கு ஒண்ணு."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

அன்றைக்கு அவன் உடம்பைச் சொறிந்துகொண்டே வீட்டுக்குள் வந்தான். மூட்டைத் தூசு, முதுகெல்லாம் பிடுங்குது, அந்தக் குதிரை பிரஷ்ஷை எடுத்துட்டு வா என்றான். அவளுக்கு வாயெல்லாம் பல். இப்பதான் வழிக்கு வந்தீங்க என்று சொல்லி அவனை முக்காலியில் உட்கார வைத்தாள். சட்டையைக் கழற்றி ஓரமாக எறிந்தான். கணுக்காலில் ஆரம்பித்து, நெட்டை சொன்னபடி லேசாக மேலே இழுத்தாள். என்ன, ஈ ஓட்டுறியா, அழுத்து என்றான். அழுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டு சுகமாக முனகினான்.

கையை முடித்து முதுகுக்கு வந்தபோது முனகல் மாறியது. தோல் சிவந்து தடித்து, ஊசி குத்தியது போல அங்கங்கே ரத்தம் பொடித்தது. அவள் கையை நிறுத்துவதற்குள் அவன் முக்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"மிளகாய்ப்பொடியா வச்சுத் தேய்ச்ச?"

பதில் சொல்ல விடவில்லை. முதல் அறை காதோடு விழுந்தது. இரண்டாவது வாயில். பல்லுக்குப் பழி வாங்குறியா என்று கேட்டபடி பிரஷ்ஷைப் பிடுங்கினான். கையை முறுக்கி, முகத்தைச் சுவரோடு வைத்து அமுக்கி, கழுத்திலிருந்து தோள்வரை துருப்பிடித்த இரும்பைச் சுரண்டுவது போலத் தேய்த்தான்.

"லேசா இருக்கா? சொல்லு, லேசா இருக்கா?"

மாடியில் குடியிருப்பவர்கள் தரையை இடித்தார்கள். சத்தம் அவர்களுக்குத் தொந்தரவு. அவன் பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டுத் தன் முதுகைச் சுவரில் உரசப் போனான்.

அவள் கழுத்து பற்றி எரிந்தது. அந்த நார் அவளுக்குப் பழக்கமான நார். எவ்வளவு அழுத்தினாலும் இப்படி எரியாது. கீழே பார்த்தாள். குழல்விளக்கு வெளிச்சத்தில் பிரஷ் மினுங்கியது. அவன் சட்டையை எடுத்து விளக்குக்குக் கீழே உதறினாள். பொடிப்பொடியாக மின்னிக்கொண்டு இறங்கியது. சில நாளாக அவன் துணியைத் துவைத்தால் மணிக்கட்டு அரித்தது. சோப்புத்தூளைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"இது மூட்டைத் தூசு இல்ல. எங்க வேலைக்குப் போற?"

கல்யாணமான நாளிலிருந்து நீங்க என்றே பேசியவள். அவன் உரசுவதை நிறுத்தினான்.

துண்டு துண்டாக வெளியே வந்தது. கிடங்கில் எடை போடுகிறவனோடு தகராறு, மூக்கை உடைத்துவிட்டான், அன்றைக்கே விரட்டிவிட்டார்கள். சத்தியம் செய்த வாயால் அதை எப்படிச் சொல்வது? இப்போது கண்ணாடிப் பஞ்சு வெட்டுகிற பட்டறையில் இருக்கிறான். கண்ணாடியை மெல்லிய இழையாக இழுத்துச் செய்து, குளிர் அறைச் சுவருக்குள் வைத்து அடைக்கிற பஞ்சு. உடம்பில் பட்டால் சொறியாதே, தேய்க்காதே, தேய்த்தால் உள்ளே இறங்கும். பச்சைத் தண்ணீர் ஊற்று, டேப் ஒட்டிப் பிடுங்கு என்று முதல் நாளே மேஸ்திரி சொல்லியிருந்தார்.

"தேய்க்கக் கூடாதுன்னு தெரியும்?"

"தெரியும்."

"தெரிஞ்சும் பிரஷ்ஷை எடுக்கச் சொன்ன."

"தாங்க முடியல. டேப் கேட்டா ஏன் எதுக்குன்னு நோண்டுவ."

அவள் குனிந்து பிரஷ்ஷை எடுத்தாள். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, தலையின் மரப்பக்கத்தால் அவன் காதோடு சேர்த்துக் கன்னத்தில் வீசினாள். எலும்பில் பட்ட சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அவன் நிமிர்வதற்குள் இரண்டாவது. உதடு கிழிந்தது. கைப்பிடி முறிந்து அவள் கையில் பாதி நின்றது.

அவன் கையை ஓங்கினான். ஓங்கிய தோளில் கண்ணாடி குத்தியது. கை பாதியில் நின்றது.

"அடி," என்றாள். "அடிச்சிட்டு முதுகை யார்கிட்ட காட்டுவன்னு யோசிச்சுக்க."

கை இறங்கியது.

அலமாரி மேலிருந்து அட்டைப்பெட்டி ஒட்டுகிற அகல டேப்பை இறக்கினாள். அவனைக் குளியலறையில் நிறுத்தி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். ஈரம் தானாக வடியட்டும் என்று நிற்க வைத்து, பிறகு ஒட்டி ஒட்டிப் பிடுங்கினாள். முடியும் சேர்ந்து வந்தது. மெதுவா, மெதுவா என்று கெஞ்சினான். அவள் காதில் வாங்கவில்லை.

பிறகு தன் தலையிலும் தண்ணீரை ஊற்றிக்கொண்டாள். கூந்தலை முன்னால் போட்டுக்கொண்டு அவனுக்கு முதுகைக் காட்டினாள். வேறு ஆள் இல்லை. அவன் டேப்பை ஒட்டிப் பிடுங்கினான். அவன் உதட்டு ரத்தம் அவள் தோளில் சொட்டியது, துடைக்கப் போனான்.

"தேய்க்காத," என்றாள்.

அண்ணனிடம் சொல்லுவியா என்று கேட்டான். காலையில் முதல் வேலை அதுதான் என்றாள். அவன் இன்னொரு துண்டு டேப்பைக் கிழித்தான்.

"அதோட முடிஞ்சுதுல்ல?" என்றான்.

"எங்க முடிஞ்சுது? காதுல ஒண்ணு, வாயில ஒண்ணு, ரெண்டும் கொடுத்துட்டேன். பிரஷ்ஷால தேய்ச்சியே, அது பாக்கி."