மூசையில் மிஞ்சிய எடை

பேதியுப்பைச் சுட்ட சின்னப் பீங்கான் கிண்ணமான மூசையைத் தராசிலிருந்து இடுக்கியால் எடுத்து, ஈரம் புகாத ஜாடிக்குள் வைத்து மூடிய கையோடு தங்கை துள்ளினாள்.

“அக்கா, பிடிச்சுட்டேன்! நூத்துக்கு நாப்பத்தேழு பங்குதான் தண்ணி போயிருக்கு. அம்பத்தொண்ணு போயிருக்கணும்!”

“கத்தாதே, அவசரக்குடுக்கை. இன்னொரு தடவை சுட்டு, எடை அப்படியே நிக்குதான்னு பார்த்துட்டு ஆடு.”

“டீ குடிச்சுட்டு வந்து சுடறேன். நின்னா என்ன தருவே?”

“உன் வாய்க்கு ஒரு பூட்டு.”

சிரித்துக்கொண்டே போனவள், சாலையைக் கடக்கையில் பேருந்தில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தாள்.

பத்து நாள் கழித்து அக்கா அந்த மருந்துத் தொழிற்சாலைச் சோதனைக்கூடத்துக்குத் திரும்பினாள். தங்கை சந்தேகப்பட்டு நிறுத்தி வைத்த பேதியுப்பு மூட்டைகள் வாசலிலேயே கிடந்தன. இருக்க வேண்டிய நீர் குறைந்தால், அதே அளவில் உப்பு கூடி, மருந்தின் வீரியம் ஏறிவிடும்.

மேலாளர் தங்கையின் நோட்டைத் திறந்தார். “அவசரத்துல பாதி சூட்டிலேயே இறக்கியிருப்பாம்மா. தண்ணி உள்ளேயே நின்னிருக்கும். தப்புன்னு எழுதி மூட்டையை எடுத்துக்கறேன்.”

“அவ கடைசியா எழுதினது சார் அது. ஒரு மணி நேரம் கொடுங்க.”

ஜாடியிலிருந்த அதே மூசையை எடுத்து அடுப்பில் ஏற்றினாள். அடிப்பாகம் செக்கச்செவேலென்று சிவந்தது. மேலே ஒரு குளிர்ந்த கண்ணாடித் தகட்டைப் பிடித்தாள். பனி படரவில்லை; உப்பில் நீர் மிச்சமில்லை! தீயை அணைத்து மூசையை ஜாடிக்குள் வைத்தாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, கை மூடிக்குப் போய்விட்டது.

“சூட்டோட தராசுல வெச்சா எடை குறைச்சுக் காட்டும்னு ஊருக்கே பாடம் எடுப்பீங்களே, நீங்களுமா?” என்றார் மேலாளர்.

“அவ அக்காதானே சார் நான்!” சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அரை மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

மூசை ஆறியது. தராசில் வைத்துக் கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். எண்கள் ஓடின, தடுமாறின, நின்றன. மேலாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நோட்டைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், மறுபடி நோட்டைப் பார்த்தார்.

“மூட்டையைத் திருப்பி அனுப்பச் சொல்றேன்மா,” என்றார் மெல்ல.

நோட்டில் தங்கையின் கோணல் எழுத்தில் 19.294 கிராம். அதன் கீழே அக்கா எழுதினாள்: 19.294.