டெஸ்டர் எரியாத வயர்

அந்தக் குடியிருப்பில் அவருடைய பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை. மெயின்காரர் என்றால்தான் தெரியும். முப்பது வருடமாக வீடுகளுக்கு வயரிங் செய்கிறவர். ஒரு பல்பை மாற்றக் கூப்பிட்டாலும், முதலில் மெயின் ஸ்விட்ச் எங்கே என்று கேட்டு, அதை அணைத்த பிறகுதான் பையைக் கீழே வைப்பார். டிவியில் முக்கியமான கட்டம் ஓடுகிறது, மிக்ஸியில் மாவு பாதியில் நிற்கிறது என்று யார் கெஞ்சினாலும் காதில் வாங்க மாட்டார். கேலி செய்கிறவர்கள் செய்துவிட்டுப் போகட்டும். அவரோடு தொழிலுக்கு வந்தவர்களில் இரண்டு பேருக்கு விரல் குறைவு, ஒருவர் ஆளே இல்லை. இவருக்குப் பத்து விரலும் வைத்த இடத்தில் இருந்தன.

இப்பேர்ப்பட்ட மனிதர் பட்டப்பகலில், தன் வீட்டு முன்னறையில், தன் கையாலேயே தீயை வரவழைத்தார் என்று சொன்னால் அந்தக் கட்டடத்தில் ஒருத்தரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

எல்லாம் மகளுடைய எலக்ட்ரிக் பைக்கால் வந்தது. மகள் நர்ஸ். பழைய சார்ஜர் சூடாகி, அதன் முனை உருகிப்போய்விட்டது. புது சார்ஜர் வாங்கி வந்தால், அதன் முனை பேட்டரியின் வாயில் நுழையவில்லை. பேட்டரியிலிருந்து வரும் வயரை வெட்டி, புது சார்ஜருக்குப் பொருந்துகிற சாக்கெட்டை வைத்துக் கட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை.

"கடையில குடுத்துடலாம்பா," என்று காலையில் நைட் டியூட்டி முடிந்து வந்தவள் கண்ணைக் கசக்கிக்கொண்டே சொன்னாள்.

"ரெண்டே ரெண்டு வயரு. இதுக்குப் போய் கடைக்காரன்கிட்ட நிக்கணுமா? நீ போய்த் தூங்கு. சாயங்காலம் டியூட்டிக்குக் கிளம்பறப்ப வண்டி ரெடியா இருக்கும்."

அவளும் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாள். மனைவி தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். இருந்திருந்தால் ஒரு வார்த்தையாவது குறுக்கே சொல்லியிருப்பாள்.

மூன்றாவது மாடி வீடு அது. ஒரு முன்னறை, ஒரு சமையலறை, ஒரு உள்ளறை. வெளியே போக ஒரே வாசல், அது முன்னறையின் ஒரு கோடியில். உள்ளறைக் கதவு மறு கோடியில். உள்ளறை ஜன்னலுக்கு இரும்புக் கம்பி போட்டிருந்தது, அதைப் போட்டவரும் இவரேதான். வெளிச்சம் நன்றாக விழுகிறது என்று உள்ளறைக் கதவை ஒட்டி ஒரு மர ஸ்டூலைப் போட்டு, வண்டியிலிருந்து கழற்றி வந்த பேட்டரியை அதன்மேல் ஏற்றி வைத்தார். நல்ல கனம்.

வேலையை முறைப்படிதான் ஆரம்பித்தார். சார்ஜரைப் பிடுங்கித் தள்ளி வைத்தார். வாசலருகே போய் மெயினை அணைத்தார். மின்விசிறி சுற்றி அடங்கியது. திரும்பி வந்து பேட்டரி வயரின் உறையைக் கொஞ்சம் சீவி, சட்டைப் பையில் இருந்த டெஸ்டரை எடுத்துச் சிவப்பு வயரில் வைத்தார். எரியவில்லை. கறுப்பில் வைத்தார். எரியவில்லை. முப்பது வருடமாக அவர் உயிரைக் காத்த டெஸ்டர் அது. வீட்டுக் கரண்டுக்குத்தான் அது கண்ணைத் திறக்கும், பேட்டரி கரண்ட் அதன் கண்ணில் படவே படாது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய இடத்தில் கேட்கிற பழக்கம் மட்டும் அவரிடம் கிடையாது.

மெயின் இல்லை, டெஸ்டர் எரியவில்லை. அப்படியென்றால் அவர் கணக்கில் அது செத்த வயர். செத்த வயரை எல்லா வயரிங்காரர்களும் எப்படி வெட்டுவார்களோ அப்படியே வெட்டினார். சிவப்பையும் கறுப்பையும் சேர்த்துப் பிடித்து, கட்டிங் பிளையரால் ஒரே அழுத்து. பிளையரின் இரும்பு வழியே இரண்டு வயரும் ஒன்றையொன்று தொட்டன.

படார் என்றது.

கண்ணில் வெள்ளை வெளிச்சம் அடித்து எல்லாம் மறைந்துபோனது. பிளையர் கையிலிருந்து எங்கோ போய் விழுந்தது. பார்வை திரும்பியபோது வயரின் இரண்டு முனைகளும் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சிவந்திருந்தன. உறை கொப்பளித்து வழிந்துகொண்டிருந்தது. ஃபியூஸ் ஒன்று இருக்கத்தான் செய்தது, ஆனால் அவர் வெட்டிய இடத்துக்கு அந்தப்பக்கம், வெட்டி எடுத்த துண்டோடு தரையில் கிடந்தது.

மெயின்காரர் என்ன செய்தார் தெரியுமா? ஓடினார். மெயினை அணைக்க ஓடினார். சுவரில் கை வைத்துத் தடவி ஸ்விட்சைப் பிடித்துக் கீழே இழுத்தார். அது ஏற்கெனவே கீழேதான் இருந்தது.

அந்த இடத்தில்தான் அவருக்குப் புரிந்தது. இத்தனை வருடத்தில் எந்த ஆபத்துக்கும் அவரிடம் ஒரே மருந்துதான். அந்த மருந்தைக் கொடுத்தாகிவிட்டது. ஸ்டூலின் மேல் இருக்கிற பெட்டிக்கு அணைக்கிற இடம் என்று ஒன்று இல்லவே இல்லை. அதற்கு அதுவே மெயின். சுவரைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றார்.

பேட்டரியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. குக்கர் விசிலுக்கு முன்னால் வருமே, அந்தச் சீறல். கூடவே, எந்த வீட்டிலும் அவர் முகர்ந்தறியாத ஒரு தித்திப்பு வாடை.

உள்ளறைக் கதவு திறந்தது. மகள், தூக்கம் கலையாத முகத்தோடு, கலைந்த தலையோடு.

"அப்பா, ஃபேன் ஏன் நின்னுச்சு?"

"அங்கயே நில்லு," என்றார். "கதவைச் சாத்து."

அந்த வீட்டில் அது பேச்சுக்குச் சொல்கிற வார்த்தை இல்லை. தவழ்கிற வயதிலிருந்தே அவளுக்கு அப்பா வைத்திருந்த சட்டம். அப்பா கையில் வயர் இருக்கும்போது, அங்கேயே நில்லு என்றால் நிற்க வேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாது, சுவரைத் தொடக்கூடாது, அப்பா வந்து கூப்பிடும்வரை ஒரு அடி நகரக்கூடாது. இருபத்தாறு வயதில், ஆஸ்பத்திரியில் ஒரு வார்டையே கட்டி மேய்க்கிற பெண், தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

என்ன சொன்னோம் என்று மெயின்காரருக்கு உறைக்க இரண்டு மூச்சு பிடித்தது. வாசல் அவர் பக்கம் இருந்தது. மகள் அந்தப்பக்கம். நடுவில் அது.

வெளியே வா என்று கத்த வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை. அதற்குள் பேட்டரியின் மூடி ஒரு பக்கம் பிளந்து வெள்ளைப் புகை பீறிட்டது. ஒரு நிமிடத்தில் உள்ளறைக் கதவின் மேல்பாதி தெரியவில்லை. பிறகு உள்ளேயிருந்த சின்னச் சின்ன செல்கள் ஒவ்வொன்றாக வெடிக்க ஆரம்பித்தன. ஒவ்வொரு வெடிக்கும் ஒரு தீப்பொறிக் கொத்து பறந்து வந்து தரையில் குதித்தது.

பயந்தார். அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. வாசல் கதவு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதன் தாழ்ப்பாளில் அவர் கை போய்ப் பட்டதும் உண்மை. அவர் கால்கள் அவரைக் கேட்காமலேயே அந்தப்பக்கம் திரும்பியிருந்தன. அந்தக் கால்களை அவர் சாகிறவரை மன்னிக்கப்போவதில்லை.

தாழ்ப்பாளைத் திறந்தார். ஆனால் வெளியே போகவில்லை. மூலையில் சாத்தியிருந்த தரை துடைக்கிற மாப்பை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு புகைக்குள் நெருங்கி, ஸ்டூலை ஓங்கி ஒரு தள்ளு தள்ளினார். ஸ்டூல் சாய்ந்தது. பேட்டரி தொப்பென்று விழுந்தது, விழுந்த வேகத்தில் இன்னும் நாலு வெடி. மாப்பால் குத்திக் குத்தி அதைச் சோபா பக்கமாக நகர்த்தினார். சோபாவின் ஓரம் பற்றிக்கொண்டது. கதவுக்கு முன்னால் ஒரு ஆள் நுழைகிற இடம் கிடைத்தது. அது போதும் என்று குனிந்து ஓடினார். முழங்காலுக்குக் கீழே ஏதோ சுட்டது. எது என்று பார்க்கவில்லை.

கதவைத் தள்ளித் திறந்தார்.

கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில், நில்லு என்று அவர் சொன்ன அதே இடத்தில், மகள் நின்றுகொண்டிருந்தாள். கதவிடுக்கு வழியாக நுழைந்த புகை அவள் இடுப்புவரை வந்திருந்தது. துப்பட்டாவை மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. கை இரண்டையும் சுவரில் படாமல் உடம்போடு ஒடுக்கி வைத்திருந்தாள்.

"நீங்க நிக்கச் சொன்னீங்களேப்பா," என்றாள் இருமிக்கொண்டே.

அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். சிறு வயதில் ரோட்டைக் கடக்கும்போதுகூட அவ்வளவு இறுக்கிப் பிடித்ததில்லை. இரண்டு பேரும் சுவரோரமாகக் குனிந்து, நெருப்பின் சூடு ஒரு கன்னத்தில் அறைய, வாசலைத் தாண்டி விழுந்தார்கள். எதிர்வீட்டு பஸ் டிரைவர் லுங்கியோடு வெளியே வந்து, ஒரே பார்வையில் புரிந்துகொண்டு, ஒவ்வொரு கதவாகத் தட்டி எல்லாரையும் கீழே இறக்கினார்.

தீயணைப்பு வண்டி வந்து, அணைத்து, ஆள்கள் சரி போங்க என்று சொல்ல ஒன்றரை மணி நேரம் ஆனது. அப்பாவும் மகளும் மேலே ஏறினார்கள். அவர் காலில் மகளே கட்டுப் போட்டிருந்தாள். முன்னறையில் சோபா கம்பிக்கூடாக நின்றது. தரையெல்லாம் கறுப்புத் தண்ணீர். உள்ளறைக் கதவின் வெளிப்பக்கம் நெஞ்சு உயரம் வரை கரியாகி, அடிப்பாகத்தில் ஒரு கை நுழையும் அளவு ஓட்டை விழுந்திருந்தது. மெயின்காரர் அந்த ஓட்டையின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். இன்னும் ரெண்டு நிமிஷம் என்று மட்டும் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது, அதற்கு மேல் அவரால் நினைக்க முடியவில்லை.

"போனா போகுதுப்பா," என்றாள் மகள். "கதவுதானே."

"டெஸ்டர் எரியலம்மா," என்றார் அவர். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரி. ஓட்டையின் விளிம்பை விரலால் தடவியபடி, "நான் அந்தப்பக்கம் போய்ட்டேன். வாசல் பக்கம். தாழ்ப்பாளத் திறந்துட்டேன்."

"அப்புறம் வந்தீங்கல்ல."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கண் சிவந்து, மூக்குக்குக் கீழே கரி அப்பியிருந்தது.

"இங்க பாரு. இனிமே நான் ஒண்ணு சொன்னா, சொன்ன உடனே கேக்காத. ஏன்னு கேளு. என் மூஞ்சிக்கு நேரா கேளு. சரின்னு பட்டாதான் செய்யணும். புரியுதா?"

"சரிப்பா," என்றாள் மகள், அவர் வாயை மூடுவதற்குள்ளாகவே, ஏன் என்று கேட்காமலேயே.

அவர் திரும்பி மறுபடி அந்த ஓட்டையைப் பார்த்தார்.