கொதிக்கிற எஞ்சினுக்குப் பச்சைத்தண்ணி

அருமைராசா அன்றைக்குக் காரை ஓட்டிக்கொண்டு வரவில்லை, அடித்து விரட்டிக்கொண்டு வந்தார் என்றுதான் சொல்லவேண்டும். பொனற் மூடியின் இரண்டு பக்கமும் ஆவி சீற, வெப்ப ஊசி சிவப்பில் போய் முட்டிக்கொண்டு நிற்க, கிருபானந்தனின் கராஜுக்குள் கதவை இடிக்காத குறையாகக் கொண்டுவந்து நிறுத்தினார். 2006 மாசி மாதம், பகல் பதினொரு மணி, வெளியே மைனஸ் இருபத்திரண்டு. இறங்கியவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. அரை மணித்தியாலத்தில் கார் லொங்குய்ய்க்குப் புறப்படவேண்டும் என்றார்.

ஏனென்று கிருபானந்தன் கேட்கவில்லை. பார்க் எக்ஸ் பகுதிக்கு வந்து குடியேறிய அத்தனை தமிழருக்கும் அந்தக் கதை தெரியும். அருமைராசாவின் மகள் ஆர்த்திகா ஒரு தமிழ்ப் பெடியனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்ய்க்குக் குடிபோய்விட்டாள். பெடியன் படித்தவன், கைநிறையச் சம்பளம், குடி சிகரெட் ஒன்றும் கிடையாது. ஆனால் அருமைராசா யாழ்ப்பாணத்துக்கு ரெலிபோன் போட்டு அவனுடைய ஊரை விசாரித்தார். ஊரைச் சொன்னால் தெருவையும், தெருவைச் சொன்னால் சாதியையும் எடுத்துக் கொடுக்க அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். சண்டையில் தபால் நின்றது, கரண்ட் நின்றது, இந்தச் சேவை மட்டும் ஒரு நாளும் நின்றதில்லை. பெடியன் அருமைராசாவின் சாதியில்லை என்ற பதில் நேற்று வந்திருந்தது.

கிருபானந்தன் விளக்கைப் பிடித்துக்கொண்டு காருக்குக் கீழே படுத்தான். ரேடியேற்றரின் அடி ஹோஸிலிருந்து எஞ்சின் சூட்டை ஆற்றுகிற பச்சைக் கூலன்ற் மிச்சசொச்சமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. பழசாகி வெடித்த ஹோஸ் என்றால் ஊதிப்போய், விளிம்பு சொரசொரப்பாக இருக்கும். இதில் விளிம்பு வழுவழுவென்று நேராக இருந்தது. பக்கத்தில் இரண்டு கீறல்கள். இரண்டு தரம் வழுக்கி, மூன்றாம் தரம்தான் கத்தி இறங்கியிருக்கிறது. இரவு முழுக்கப் பூட்டிய கொட்டிலுக்குள் நின்ற கார். அதற்குத் திறப்பு வைத்திருக்கிற மற்ற ஆள் அருமைராசாவின் மனைவி செல்வமலர்.

எங்கே ஒழுகுகிறது என்று மேலேயிருந்து அதட்டல் வந்தது. ஹோஸ் பழசு, குளிருக்கு வெடித்துவிட்டது என்று கிருபானந்தன் படுத்தபடியே பொய் சொன்னான். செல்வமலர் எதற்காக வெட்டினாள் என்பது, கூலன்ற் போத்தல் இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்தபோது விளங்கியது. அரிசிச் சாக்கில் சுற்றிய கோடாலி ஒன்று கிடந்தது. பிடி மட்டும் வெளியே தெரிந்தது.

டிக்கியைச் சாத்தினான். சும்மா சொல்லக்கூடாது, நல்ல பயம். பொலிசைக் கூப்பிடலாம்தான். ஆனால் சொந்தச் சனத்தைப் பொலிசுக்குக் காட்டிக்கொடுத்தவன் என்ற பெயரோடு பார்க் எக்ஸில் யார் கராஜ் நடத்துவது? வோட்டர் பம்பும் போய்விட்டது, சாமான் நாளைக்குத்தான் வரும் என்று சொல்லிப் பார்த்தான். அருமைராசா அவன் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சாத்தி, தலையை இரண்டு தரம் மோதினார். ஹோஸை மட்டும் மாற்று என்றார்.

மாற்றினான். இனி எஞ்சின் ஆறவேண்டும், ஒரு மணித்தியாலமாவது ஆகும், பிறகுதான் கூலன்ற் விடலாம் என்றான்.

"ஊரிலை உதுக்கெல்லாம் பச்சைத்தண்ணிதான் விட்டனாங்கள். பைப்பைத் திற."

பதினைந்து வருடமாக இந்த ஒரு மடைத்தனத்துக்காக எத்தனை பேரை அவன் ஏசியிருப்பான். அன்றைக்கு ஏசவில்லை. காரை இயக்கிவிட்டு, பனிக்குளிரில் விறைத்த குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்துக் கொதித்துக்கொண்டிருந்த எஞ்சினுக்குள் மளமளவென்று ஊற்றினான். உள்ளே எங்கோ இரும்பு டக்கென்று வெடித்தது. சைலன்சரால் வெள்ளைப் புகை தள்ள, எஞ்சின் நாலு தரம் உதறிவிட்டு நின்றுபோனது. அவன் ஊற்றி அவனே கொன்ற முதல் எஞ்சின் அது. அவனுக்கு அதில் துளியும் வருத்தமில்லை.

அருமைராசா காருக்குள் ஏறி மூன்று முறை சாவியைத் திருகினார். பிறகு இறங்கி வந்து, எண்ணெய் பார்க்கிற கம்பியை எடுக்கக் கை நீட்டியிருந்த கிருபானந்தனின் வலக்கையின்மேல் பொனற்றைத் தன் முழுப் பாரத்தோடும் அறைந்து சாத்தினார். விரல்கள் முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. பொனற்றைக் கொஞ்சம் தூக்கியவர், கை வெளியே வருமுன் மறுபடியும் சாத்தினார். அவனுக்குக் கத்த மூச்சு வரவில்லை. கையைப் பிடுங்கிக்கொண்டு நிலத்தில் விழுந்தவனின் விலாவில் சப்பாத்துக்கால் இறங்கியது.

ஆனாலும் கார் செத்துவிட்டது, ஆர்த்திகா தப்பிவிட்டாள் என்று விழுந்து கிடந்தபடியே அவன் நினைத்தான். அருமைராசா டிக்கியைத் திறந்தார். சாக்கோடு கோடாலியை எடுத்துக் குளிர்க்கோட்டுக்குள் வைத்து ஸிப்பைக் கழுத்துவரை இழுத்தார். குரலில் இப்போது கோபமே இல்லை.

"லொங்குய்ய்க்கு மெற்றோ போகுதுதானே?"

போகிறது. பெரி உக்காம் நிலையத்தில் மாறினால் மஞ்சள் லைன் ரயில், அரை மணித்தியாலம்கூட ஆகாது. எஞ்சினைக் கொன்ற கெட்டித்தனம் இவ்வளவுதான் பெறும் என்று கிருபானந்தனுக்கு அப்போதுதான் உறைத்தது. பயம் போன இடம் தெரியவில்லை. இடக்கைக்கு எட்டிய ஜாக்கி லிவர்க் கம்பியை எடுத்துக்கொண்டு எழுந்து, கராஜின் கதவுப்பிடியில் கை வைத்த அருமைராசாவின் முழங்காலில் பின்னாலிருந்து வீசினான்.

மனிதர் மடங்கி விழுந்தார். கோட்டுக்குள் இருந்த கோடாலி நிலத்தில் முட்டிச் சத்தம் போட்டது. வலியில் முகம் கோணி, அண்ணாந்து அவனை நம்பமுடியாமல் பார்த்தார்.

"நீயும் அவங்கடை ஆளோடா?"

"இல்லை அண்ணை. உங்கடை ஆள்தான்" என்று சொல்லிவிட்டு, மற்ற முழங்காலிலும் அடித்தான்.