மதலேனாள் டீச்சர் போட்ட இரண்டு

மத்தியான மணி அடித்ததும் மலையிலிருந்த அந்த உயர்நிலைப் பள்ளியின் ஆசிரியர் அறையில் சோற்றுப் பாத்திரங்கள் திறந்தன. அந்த நேரம் பார்த்துத்தான் ரங்கன் படியேறி வந்தான். சட்ட மேலவைக்கான ஆசிரியர் தொகுதித் தேர்தலில் நிற்கும் சக்கரவர்த்தியின் ஆள் அவன். ஆளுக்கொரு எவர்சில்வர் டிபன் கேரியரை மேசையில் வைத்தான்.

"எங்க தலைவர் பேருக்கு நேரா ஒன்னுன்னு எழுதுங்க, போதும். வேற யாருக்காச்சும் ரெண்டு, மூணுன்னு எழுதினீங்க, ஓட்டு செல்லாமப் பூடும்!"

யாரும் மறுத்துப் பேசவில்லை. விஷயம் தெரிந்தால்தானே பேசுவதற்கு! மேலவையைப் பற்றி வகுப்பில் மூச்சுவிடாமல் பாடம் நடத்துகிறவர்களுக்கு, அதற்கு எப்படி ஓட்டுப் போடுவதென்று தெரியாது. தெரியாது என்று வாய்விட்டுச் சொன்னால் மானம் போய்விடுமே! தலைமையாசிரியர் பஞ்சாட்சரம் எல்லாம் தெரிந்தவர்போலத் தலையாட்டினார். மதலேனாளும் கேரியரை வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

அவள் மனசெல்லாம் எட்டாம் வகுப்பு நீலாவதிமேல் இருந்தது. "வயசுக்கு வந்த பொண்ணைக் காட்டு வழியில தனியா அனுப்ப மாட்டேன் டீச்சர். தங்கிப் படிக்க எடம் இருந்தா அனுப்பறேன்" என்று அவள் அப்பா ராஜாக்கண்ணு சொல்லிவிட்டார். மலையில் பெண் பிள்ளைகளுக்கு விடுதி வேண்டும் என்ற ஒரே கோரிக்கையோடு அதே தேர்தலில் நின்றார் ஓய்வுபெற்ற ஆசிரியர் இருதயசாமி. கையில் காசு கிடையாது, ஜெயிக்கவும் மாட்டார். இன்னொரு வேட்பாளரான படவேட்டுப் பக்கத்து ரத்தினம்மாளும் விடுதி கேட்டார். அவருக்கு ஓரளவு ஆதரவு இருந்தது. இருதயசாமிக்குப் போட்டால் ஓட்டு வீணாகிவிடுமோ என்று மதலேனாள் தவித்தாள்.

தேர்தலன்று வாக்குச்சீட்டைக் கையில் வாங்கினாள். பின்னால் வரிசை முழுக்க வாத்தியார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. நீலாவதியை நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"சார், இதுல எப்படி எழுதணும்? எனக்குத் தெரியாதுங்க."

அதிகாரி சிரிக்கவில்லை. "மொதல்ல யாரு வேணுமோ அவருக்கு ஒன்னு. அவர் இல்லன்னா யாரோ, அவருக்கு ரெண்டு. செல்லுற ஓட்டுல பாதிக்கு மேல யாருக்கும் வரலன்னா, கடைசியில இருக்கறவரை எடுத்துடுவாங்க. அவரோட சீட்டெல்லாம் ரெண்டு யாருக்கோ அவருக்குப் போகும். ஒன்னு போட்டவர் களத்துல இருக்கிற வரைக்கும் ரெண்டைத் தொடவே மாட்டாங்கம்மா."

"போளூர் பஸ் வரலன்னா அமிர்திக்கு எறங்கி வேலூர் பஸ்ஸைப் புடிக்கிற மாதிரி!"

"அதேதான்."

பின்னாலிருந்து பஞ்சாட்சரம் மெதுவாக எட்டிப் பார்த்தார். "ரெண்டு எழுதினா செல்லாதுன்னாங்களே சார்?"

"யாரு சொன்னது? ஒன்னு எழுதாம விட்டா செல்லாது. ரெண்டு பேருக்கு ஒன்னு போட்டா செல்லாது. நம்பருக்குப் பதிலா டிக் அடிச்சாலும் செல்லாது."

பஞ்சாட்சரத்தின் முகம் சுருங்கிப்போனது. போன தேர்தலில் அவர் அழகாக டிக்தான் அடித்திருந்தார்.

மதலேனாள் இருதயசாமிக்கு ஒன்று, ரத்தினம்மாளுக்கு இரண்டு என்று நிதானமாக எழுதிப் பெட்டியில் போட்டாள்.

எண்ணிக்கையில் முதலில் முந்தியவர் சக்கரவர்த்திதான். ஆனால் பாதியை அவர் தாண்டவில்லை. கடைசியில் இருந்த இருதயசாமியை நீக்கி, அவருடைய சீட்டுகளில் இரண்டு என்ற எண் யாருக்கு என்று பார்த்தார்கள். பெரும்பாலும் ரத்தினம்மாள் பெயருக்கு நேராக இருந்தது. பாதியைத் தாண்டி அவர் ஜெயித்தார்.

அவர் விடாமல் கேட்டதில் மறு ஜூனில் ஒரு வாடகை வீட்டில் பெண்கள் விடுதி தொடங்கியது. தகரப் பெட்டியோடு வந்த நீலாவதியைப் பார்த்து மதலேனாளுக்குக் கண் கலங்கியது. அதற்குள் டிபன் கேரியர்களையெல்லாம் கோணியில் கட்டித் திருப்பி அனுப்பியிருந்தார் பஞ்சாட்சரம்.

"டீச்சர், அன்னிக்கு நீங்க கேக்கலன்னா இன்னா ஆயிருக்கும்? தெரியாததைக் கேக்க வெக்கப்பட்டா, நம்ம ஓட்டு நம்மளது இல்ல; பொய் சொல்றவனோட ஓட்டு. இதை நான் பிள்ளைங்களுக்கு முன்னாலயே சொல்றேன்" என்றார்.

சொன்னபடி, மறுநாள் காலை வணக்கக் கூட்டத்தில் சொன்னார்.