புரதம் சைபர்

எனக்குக் கோபம் மூக்குமேலதான் இருக்கும். கண்ணாடிக் கடையில என்கூட வேலை பார்க்கறவங்களைக் கேட்டா சொல்லுவாங்க. கண்ணைச் சோதிக்க வந்து நாற்காலியில உட்கார்ந்துட்டு, கடைசி வரியைப் படிங்கன்னா "குத்துமதிப்பா சொல்லட்டுமா"ன்னு கேக்கற ஆளுங்களை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. விஷயமே சின்ன எழுத்துலதான் இருக்குன்னு நினைக்கறவ நான். நினைச்சுத்தான் ஆகணும். என் மகளுக்குப் பால் ஆகாது.

ஆகாதுன்னா, வயித்தைக் கலக்கும்னு நினைச்சுக்காதீங்க. கொஞ்சம் உள்ள போனாலும் தொண்டை வீங்கி மூச்சை அடைச்சுடும். நடக்கப் பழகின வயசுல யாரோ குடுத்த பிஸ்கட்டைத் தின்னுட்டு உதடு நீலமாயிடுச்சு. பால்ல இருக்கற புரதம்தான் இவளுக்கு எதிரின்னு அன்னிக்கு டாக்டர் சொன்னார். அதுக்கப்புறம் எங்க வீட்டு வாசப்படியைப் பால் பாக்கெட் தாண்டினது கிடையாது.

சமையலறைக்கு வர்ற ஒவ்வொரு சாமானையும் நானே திருப்பிப் படிப்பேன். சரின்னு பட்டா டப்பாவுல பச்சை டேப் ஒட்டுவேன். பச்சை இருந்தா அவ தொடலாம், இல்லைன்னா கேட்டுட்டுத்தான் தொடணும். செய்யற சேட்டைக்கு அவளை வாலுன்னுதான் கூப்பிடுவோம், ஆனா இந்த ஒரு விஷயத்துல மட்டும் சொன்ன பேச்சைத் தட்டினதே இல்ல.

பாலை நிறுத்தலாம், காபியை எப்படி நிறுத்தறது? எங்களுக்குன்னு, காபியில பாலுக்குப் பதிலா கலக்கற வெனிலா வாசனை போட்ட கிரீமர் பவுடர் வாங்க ஆரம்பிச்சோம். பாக்கெட்டு முன்னாடி கொட்டை எழுத்துல "பால் சேர்க்காதது"ன்னு போட்டிருந்தான். முன்பக்கத்தை நம்பற ஆளா நான்? பின்னாடி திருப்பினேன். சத்து விவரம்னு ஒரு கட்டம். கொழுப்பு இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு, புரதம் சைபர். டாக்டர் சொன்ன எதிரியே உள்ள இல்லைன்னு எனக்கு மனசு குளிர்ந்துடுச்சு. கண்ணாடி ஜாடியில கொட்டி, பச்சை டேப்பை நல்லா அழுத்தி ஒட்டினேன்.

அன்னிக்குப் பள்ளிக்கூடம் லீவு. என் வீட்டுக்காரருக்கு வெளியூர் வேலை. கொழுந்தன் எங்ககூடவேதான் இருக்கான், அவன்கிட்ட வாலை விட்டுட்டு நான் கடைக்கு வந்துட்டேன். அவன் நல்லவன், ஆனா கோழை. தனக்கு ஊசி போடணும்னா என் சேலைத் தலைப்பைப் பிடிச்சுக்கற ஆளு. மதியம் ஒருத்தருக்கு லென்ஸ் மாத்திட்டு இருந்தப்ப அவன்கிட்டேர்ந்து போன் வந்துச்சு.

"அண்ணி, வாலுக்கு உதடு வீங்கியிருக்கு."

"என்ன குடுத்த?"

"தப்பா ஒண்ணும் குடுக்கல அண்ணி."

"ஒண்ணும் குடுக்காம காத்தைத் தின்னா வீங்கினா? கடையில எதையாவது வாங்கிக் குடுத்துத் தொலைச்சியா?"

"சத்தியமா இல்ல. பச்சை ஒட்டினதுதான் குடுத்தேன். உடம்பெல்லாம் தடிப்பா இருக்கு. இப்ப இருமறா."

அந்த இருமல் போன்லயே கேட்டுச்சு. வறட்டு இருமல், நடுவுல விசில் சத்தம். பக்கத்துல நின்ன கடைப் பொண்ணுகிட்ட வீட்டு விலாசத்தைச் சொல்லி ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னேன். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அந்தத் தொண்டை திறந்திருக்கணுமே.

"கதவுக்குப் பின்னாடி அவ பை தொங்குது. அதுல பேனா மாதிரி ஊசி இருக்கு, எடு. அவளைப் படுக்க வை. மூடியைக் கழட்டு. தொடையில வெளிப்பக்கமா வச்சு அழுத்து, துணிமேலயே குத்தலாம்."

"என்னால முடியாது அண்ணி. கை நடுங்குது."

"நடுங்கற கையாலயே குத்துடா."

போனைத் தரையில வச்சுட்டான் போல. விசில் சத்தம் மட்டும் வந்துட்டு இருந்துச்சு, அப்புறம் அதுவும் நின்னுடுச்சு. அந்தக் கொஞ்ச நேரத்துல நான் எந்தச் சாமியைக் கூப்பிட்டேன், யாரைத் திட்டினேன்னு எனக்கே தெரியாது. நாற்காலியில இருந்தவர் எழுந்து எனக்கு இடம் விட்டார். டிக்குன்னு ஒரு சத்தம். பின்னாடியே வீல்னு ஒரு அழுகை. அவ அழறான்னா மூச்சு உள்ள போகுதுன்னு அர்த்தம். அந்த அழுகையைக் காதுல வச்சுக்கிட்டேதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

நான் போய்ச் சேர்றப்ப வாலுக்கு ஆக்சிஜன் முகமூடி வச்சிருந்தாங்க. கண்ணு ரெண்டும் வீங்கி இடுக்கா இருந்துச்சு, ஆனா நெஞ்சு ஏறி ஏறி இறங்கிட்டு இருந்துச்சு. சுவரோரமா ஒரு பையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்ன கொழுந்தன்மேல பாய்ஞ்சேன். பொறுப்பத்தவன்னேன், இனி என் வீட்டுப் படி ஏறாதேன்னேன். வாயில வந்ததெல்லாம் கொட்டினேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, பையிலேர்ந்து அந்தக் கண்ணாடி ஜாடியையும், அடுத்த மாசத்துக்கு வச்சிருந்த பிரிக்காத பாக்கெட்டையும் எடுத்தான்.

"போர் அடிக்குதுன்னு படுத்தினா அண்ணி. வெந்நீர்ல இதைக் கலக்கிக் குடுத்தேன். மில்க் ஷேக் மாதிரி திக்கா வேணும்னு கேட்டா, நிறையவே போட்டேன். பச்சை இருந்துச்சே."

"இதுல பால் கிடையாது. நான் படிச்சிருக்கேன்."

பக்கத்துல நின்ன நர்சம்மா பாக்கெட்டை வாங்கித் திருப்பினாங்க. கட்டத்துக்குக் கீழ, அதைவிடச் சின்ன எழுத்துல இருந்த இடத்துல விரலை வச்சாங்க.

"சோடியம் கேசினேட்னு இருக்கு பாருங்க. பால்லேர்ந்து எடுக்கற புரதம்தாம்மா அது."

"புரதம் சைபர்னு போட்டிருக்கே?"

"அது ஒரு ஸ்பூனுக்குப் போட்ட கணக்கு. அரை கிராமுக்குக் கீழ இருந்தா சைபர்னே போட்டுடறாங்க. இல்லவே இல்லைன்னு அர்த்தம் இல்ல. நிறையப் போட்டா நிறையத்தான் உள்ள போகும்."

சைபரைப் பார்த்த சந்தோஷத்துல நான் அதுக்குக் கீழ இறங்கவே இல்ல. கொழுந்தனைப் பார்க்க முடியல. அவன் திருப்பி ஒரு வார்த்தை கேட்டிருந்தாக்கூட எனக்குக் கொஞ்சம் நல்லா இருந்திருக்கும். அவன் ஜாடியைப் பைக்குள்ள வச்சுட்டு, ஊசி குத்தின அந்தக் கையை இன்னொரு கையால பிடிச்சுக்கிட்டு நின்னான்.

மறுநாள் காலையில வீட்டுக்கு வந்தோம். வாலை ஹால்ல உட்கார வச்சுட்டு நேரா சமையலறைக்குப் போனேன். அலமாரி முழுக்கப் பச்சை. சூப் பவுடர், ரொட்டி, மாவு, சாஸ், எல்லாம் நான் ஒட்டினது. இதுல எத்தனையை முழுசாப் படிச்சேன், எத்தனையைச் சைபரோட நிறுத்தினேன்? யோசிச்சுப் பார்த்தேன், ஒண்ணுகூட ஞாபகத்துக்கு வரல. ஒவ்வொரு டேப்பா உரிச்சேன். நேத்து வரைக்கும் இந்த அலமாரிதான் எனக்குத் தைரியம், இப்ப அதைத் தொடவே பயமா இருந்துச்சு.

"அம்மா, தண்ணி."

குழாயைத் திறந்து டம்ளர்ல பிடிச்சுக் குடுத்தேன். வாங்கினா, குடிக்கல. டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"தண்ணிடி. இதுக்கெல்லாம் பச்சை தேவையில்ல, குடி."

என்னை ஒரு பார்வை பார்த்தா. கோபம் இல்ல, யோசிக்கற பார்வை. டம்ளரை அப்படியே கொழுந்தன் பக்கம் நீட்டினா.

"சித்தப்பா, நீ படிச்சுச் சொல்லு."

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். டம்ளரை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, மேலேர்ந்து அடிவரைக்கும் நிதானமாப் பார்த்தான்.

"ஒண்ணும் இல்லடா. குடி."

குடிச்சா. உரிச்ச டேப்பெல்லாம் கையில ஒட்டியிருக்க, கடைசி வாய் இறங்கற வரைக்கும் அவ தொண்டையையே பார்த்துட்டு நின்னேன்.