மூன்று நாள் கெடுச் சீட்டு

என் மகள் அஃப்னாவின் உயிருக்கு விலை முந்நூறு ரூபாய். கொச்சங்காடியில் குழந்தை டாக்டர் நீலாம்பாள் வாங்குகிற பீஸ் அது. ஒரு வாரத்துக்குள் திரும்பிப் போனால் அதுவும் கிடையாது. இதே காசுக்கு எங்கள் கடைத்தெருவில் நல்ல ஏலக்காய் ஒரு கைப்பிடி கிடைத்தால் பெரிது.

மலிவுதான். ஆனாலும் கொடுத்த காசுக்குச் சரக்கு வேண்டுமே. நான் கொச்சி மட்டாஞ்சேரியில் சுக்குத் தரகன். விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவில் நின்று, இரண்டு பேரையும் அளவாக அழவைத்துப் பிழைக்கிறவன். மேசையில் பணத்தை வைத்துவிட்டு வெறுங்கையோடு எழுந்து வருவது எனக்குப் பழக்கமில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. அஃப்னாவுக்கு நாலு வயது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆரம்பித்த காய்ச்சல், கூடவே இருமலும் மூக்கொழுகலும். என் மனைவி ஹஸீபா பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் காதில் விளக்கடித்துப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு நிமிஷம் முழுக்க மூச்சை எண்ணினார். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவர் பேசுவது பாலக்காட்டுத் தமிழ்.

“வைரல் காய்ச்சலாக்கும். தானாப் போயிடும். காய்ச்சல் ஏறினா குடுக்க இந்த சிரப். நன்னாத் தண்ணி, கஞ்சி. அவ்வளவுதான்.”

ஒரு வியாபாரியிடம் ‘அவ்வளவுதான்’ என்று சொல்லக் கூடாது. எங்களுக்குப் பேச்சு தொடங்குவதே அந்த இடத்தில்தான்.

“ஆன்டிபயாடிக், டாக்டர்?”

“வேண்டாம்.”

“சின்ன பாட்டில் போதும்.”

“சின்னதும் வேண்டாம்.”

“போன வருஷம் பார்த்த டாக்டருங்க எல்லாம் நாங்க கேக்குறதுக்கு முன்னாடியே எழுதிட்டாங்க.”

ஹஸீபா பழைய சீட்டுகளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். டாக்டர் அவற்றை ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினார்.

“நாலு தடவை காய்ச்சல். நாலு தடவையும் பாட்டில். எத்தனை நாள்ல விட்டுது?”

“நாலு நாள், அஞ்சு நாள் ஆகும்,” என்றாள் ஹஸீபா. “ஆனா டாக்டர், ஒவ்வொரு தடவையும் வயித்தால போயிக்கிட்டே இருந்துச்சு.”

“அது மருந்தோட வேலை. காய்ச்சல் போனது காய்ச்சலோட வேலை. மருந்து இல்லேன்னாலும் அதே நாலஞ்சு நாள்தான் ஆயிருக்கும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “கேட்டேளா, வைரஸை அந்த மருந்து தொடாது. வயித்துல இருக்கற கிருமியைத்தான் போட்டு அடிக்கும். அடி தாங்கிப் பழகினது மிஞ்சும். நாளைக்கு இவளுக்கு நிஜமாவே நெஞ்சுல கிருமி ஏறி, அந்த மருந்துதான் வேணும்னு ஒரு நாள் வந்து, அன்னிக்கு அது கேக்கலேன்னா, நீங்க மூணு லட்சம் கொண்டுவந்து வெச்சாலும் நான் கையைப் பிசைஞ்சிண்டு நிக்கணும்.”

எனக்குப் புரிந்தது. தேவைப்படுகிற நாளில் கடை காலி என்கிறார். ஆனால் புத்திக்குப் புரிவது வேறு, பிள்ளையின் கழுத்தைத் தொட்டால் சுடுவது வேறு. நான் வழியை மாற்றினேன்.

“எழுதி மட்டும் குடுங்க. வாங்க மாட்டேன். கையில இருந்தா ஒரு தைரியம்.”

டாக்டர் சிரித்துவிட்டார். “உங்களுக்கு என்ன தொழில்?”

“சுக்குத் தரகு.”

“நான் குழல்மன்னம். மாட்டுச் சந்தைக்குப் பக்கத்துலதான் எங்காத்து வாசல்.”

சொல்லிவிட்டு அஃப்னாவின் தோளில் கிடந்த துண்டை உருவினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டைப் போட்டு மூடி, அடியில் விரலைப் பிடித்துச் சொல்வார்கள். சுற்றி நிற்கிறவனுக்குத் துணிதான் தெரியும். எங்கள் தெருவிலும் என் அத்தா காலம் வரைக்கும் அந்த வழக்கம் இருந்தது. ஸ்டெதாஸ்கோப் மாட்டிய ஒருவர் அதைச் செய்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

டாக்டர் என் கையைத் தொடவில்லை. அஃப்னாவின் கையைத் துண்டால் மூடி, உள்ளே என்னவோ செய்தார். “அத்தாக்குக் காட்டு.”

அஃப்னா துண்டை விலக்கி ஐந்து விரலையும் விரித்தாள். ஐந்து நாள் பொறுக்க வேண்டுமாம். தரகன் மகளே தரகு பார்க்கிறாள். நான் துண்டுக்குள் கையை விட்டு அவளுடைய ஒரு விரலைப் பிடித்தேன். டாக்டர் நாலைப் பிடித்தார். நான் இரண்டு. காய்ச்சலில் வாடிக் கிடந்த பிள்ளைக்குக் கூச்சம் தாங்காமல் சிரிப்பு வந்துவிட்டது.

“நல்லாருக்கு,” என்றாள் ஹஸீபா. “பிள்ளைக்கு உடம்பு கொதிக்குது, ரெண்டு பேரும் மாடு விக்கிறீங்க.”

மூன்றில் முடிந்தது. டாக்டர் சீட்டில் மருந்தை எழுதி, மேலே வெள்ளிக்கிழமை மாலை என்று போட்டார்.

“கெடு வரைக்கும் வாங்கப்படாது. அப்பவும் காய்ச்சல் இருந்தா முதல்ல என்கிட்ட காட்டணும், அப்புறம் மருந்து. விட்டுட்டா சீட்டு எனக்குத் திரும்ப வரணும். நடுவுல மூச்சு வாங்கினாலோ, காதைப் பிடிச்சிண்டு அழுதாலோ, தண்ணி குடிக்காம துவண்டு கிடந்தாலோ, இந்தப் பேரமெல்லாம் செல்லாது. அந்த நிமிஷமே தூக்கிண்டு ஓடி வரணும்.”

“வாக்கு,” என்றேன். எங்கள் தெருவில் அதற்குமேல் பத்திரம் கிடையாது.

புதன்கிழமை காய்ச்சல் சிரப்புக்கு இறங்கியது, பிறகு ஏறியது. ஹஸீபா பிள்ளையைப் பார்த்த நேரத்தைவிடக் காலண்டரில் செருகிய சீட்டைப் பார்த்த நேரம் அதிகம். அஃப்னா மட்டும் படுத்தபடியே இரண்டு விரலைக் காட்டி, “இன்னும் ரெண்டு பாக்கி,” என்று எனக்கு ஞாபகப்படுத்தினாள்.

வியாழக்கிழமை காலையில் நூற்று மூன்று. கஞ்சியைத் தொடவில்லை. டாக்டருக்கு போன் போட்டேன். மூச்சு எப்படி, தண்ணீர் குடிக்கிறாளா, ஒன்றுக்குப் போனாளா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் நல்ல பதிலே இருந்தது. “அப்போ பொறுங்கோ. சாயங்காலம் மறுபடி கூப்பிடுங்கோ,” என்றார்.

அப்போதுதான் பக்கத்து வீட்டிலிருந்து என் அக்கா மெஹருன்னிசா வந்தாள், கையில் பாதி பாட்டிலோடு.

எங்கள் சந்தில் மிச்சம் என்று எதையும் யாரும் கொட்டியதில்லை. ஃப்ரிட்ஜ் கதவுதான் எங்கள் பெண்களின் குடோன். சர்க்கரை, மிளகாய்த்தூள் மாதிரியே மருந்தும் வீட்டுக்கு வீடு கைமாற்றாகப் போகும். ஒரே பாட்டில் மூன்று வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுச் சொந்த வீட்டுக்குத் திரும்பிய கதையெல்லாம் உண்டு.

“ரயீஸுக்கு வாங்கினதுடா,” என்றாள் அக்கா. அவள் மகன். “ரெண்டாம் நாளே எந்திரிச்சுப் பந்து விளையாடப் போயிட்டான். மிச்சத்தைப் பத்திரமா வெச்சிருந்தேன். அதே மருந்துதான், பேரை ஒத்துப் பாரு.”

ஒத்துப் பார்த்தேன். அதே மருந்துதான். அடுத்து என் மூளை தன் தொழிலைச் செய்தது. வாங்க மாட்டேன் என்றுதானே வாக்கு. இது வாங்குவதில்லையே, அக்கா சும்மா தருவது.

“அது சரிதான்,” என்றாள் ஹஸீபா, நான் வாயைத் திறப்பதற்குள். ஸ்பூன் அவள் கையில் தயாராக இருந்தது. அஃப்னா கண்ணை மூடிக் கிடந்தாள். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் நான் கொடுத்திருப்பேன்.

கைக்கு வந்த சரக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது என் பழக்கம். பாட்டிலை ஜன்னலுக்கு நேராகத் தூக்கினேன். அடியில் கட்டி கட்டியாகப் படிந்திருந்தது. மூடியைத் திறந்து முகர்ந்தேன்.

“அக்கா, இது பொடியாத்தானே வந்துச்சு. தண்ணி எப்ப கலந்த?”

“நோம்புக்கு முன்னாடி.”

பெருநாள் பிரியாணி செரித்தே ஒரு மாதம் ஆகியிருந்தது. பாட்டிலைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தேன். தண்ணீர் கலந்தால் ஏழு நாளாம். படிக்காவிட்டாலும் தெரிந்திருக்க வேண்டும். மழையில் ஒரு சாக்கு நனைந்தால் அந்தச் சுக்கு எத்தனை நாளில் பூசணம் பிடிக்கும் என்பதைச் சொல்லித்தான் நான் வீட்டுக்கு அரிசி வாங்குகிறேன்.

“இதை நீ சுக்குன்னு கொண்டு வந்திருந்தா, கிட்டங்கி வாசல்லயே திருப்பி அனுப்பியிருப்பேன்.”

“ஓ, உன் எலி ஓடுற கிட்டங்கி என் ஃப்ரிட்ஜை விட சுத்தமாக்கும்.”

“ஈரம் பட்ட சரக்குக்கா. காசில்லாம குடுத்தாலும் எடுக்க மாட்டேன். என் பிள்ளை வாயில எப்படி ஊத்துறது?”

அக்கா கோபத்தோடு போனாள். பாட்டிலை நான் திருப்பித் தரவில்லை, ஸ்கூட்டர் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். தந்தால் அடுத்த வீட்டில் யாருக்காவது தும்மல் வரும். ஹஸீபா ஸ்பூனைக் கழுவி அடுக்கில் வைத்துவிட்டு, பிள்ளையின் நெற்றியைத் துடைக்கத் துணி நனைத்து வந்தாள். சாயங்காலம் மறுபடி போன், மறுபடி அதே கேள்விகள், அதே “பொறுங்கோ.” அவ்வளவு நீளமான நாளை நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தபோது அஃப்னா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கப்பைக்கிழங்கை மீன் குழம்பில் முக்கித் தின்றுகொண்டிருந்தாள். தெர்மாமீட்டர் தொண்ணூற்றெட்டைக் காட்டியது. காய்ச்சல் சிரப் கொடுத்து ஏழெட்டு மணி நேரம் ஆகியும் ஏறவில்லை. ஹஸீபா சமையலறைப் பக்கம் போய் யாருக்கும் தெரியாமல் அழுதுவிட்டு வந்து, “சாயா போடவா?” என்றாள்.

வேறு ஆளாக இருந்தால் அல்லாவுக்கு நன்றி சொல்லிவிட்டுப் படுத்திருப்பான். நானும் நன்றி சொன்னேன். அதன்பிறகு காலண்டரைப் பார்த்தேன்.

அந்தச் சீட்டு அன்று மாலை முதிர்கிறது. கெடு நாளில் சரக்கை எடுக்காதவனை எங்கள் தெருவில் ஏமாளி என்பார்கள். மூன்று நாள் பல்லைக் கடித்துப் பொறுத்த பேரம் சும்மா கழிவதா? பொடி பொடியாகவே இருக்கட்டும், மூடியைத் திறக்க வேண்டாம், ஒரு வருஷம் கெடாது. அடுத்த காய்ச்சலுக்குக் கையிருப்பு. நேற்று அக்காவுக்குப் பாடம் எடுத்தவன், இன்று சொந்தமாக ஒரு குடோன் திறக்கக் கிளம்பினேன்.

அஃப்னா தானும் வருவேன் என்றாள். ஸ்கூட்டரின் முன்னால் நிறுத்திக்கொண்டேன்.

மருந்துக்கடை ரமேஷ்பாபு தேனிப் பக்கத்து ஆள். இங்கே வந்து பத்து வருஷம், மலையாளம் என்னைவிட வேகமாகப் பேசுவான். சீட்டைப் படித்தான், தேதியைப் பார்த்தான், மூலையில் கடை முத்திரையைக் குத்தினான். பாட்டிலை எடுத்து, ஆன்டிபயாடிக் போடுகிற நீலக் கவரில் நுழைத்தான். நுழைத்தபடியே கேட்டான்.

“பாப்பாவுக்கு இன்னும் காச்சல் அடிக்குதாண்ணே?”

‘ஆமாம்’ என்று ஒரு சொல். கிலோவுக்கு நாலணா லாபத்துக்காக இதைவிடப் பெரிய பொய்களை நான் மூச்சு விடாமல் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவை வியாபாரிகளிடம் சொன்னவை, அவர்களும் தங்கள் பங்குக்குக் கொண்டு வந்திருப்பார்கள். இவன் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். நான் வாயைத் திறந்துவிட்டேன்.

“இல்ல,” என்றாள் அஃப்னா, கண்ணாடிப் பெட்டிமேல் தாடையை வைத்தபடி. “நான் கப்பை தின்னேன். ரெண்டு தட்டு.”

ரமேஷ்பாபு அவளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பாட்டிலைக் கவரிலிருந்து வெளியே எடுத்தான்.

“அப்ப இது எதுக்குண்ணே?”

“ஒரு கையிருப்புக்கு.”

“கையிருப்பு நான் வெக்கணும்ணே. அதுக்குத்தான் லைசன்ஸ் எடுத்து மாட்டியிருக்கேன்.”

சீட்டை மடித்து என் சட்டைப் பையில் அவனே செருகினான்.

நேராக கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் நீலாம்பாள் புறப்படத் தயாராக இருந்தார். பையைக் கீழே வைத்துவிட்டு அஃப்னாவின் நெஞ்சையும் காதையும் மறுபடி பார்த்தார். நான் சீட்டையும், அக்காவின் பாட்டிலையும் மேசையில் வைத்தேன். பாட்டிலின் கதையைச் சொன்னதும் சிரித்து, அதை ஒழிக்கிற விதத்தில் ஒழிப்பதாகச் சொல்லி உள்ளே வைத்தார். சீட்டின் மூலையில் மருந்துக்கடை முத்திரை ஈரம் காயாமல் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

பிறகு அஃப்னாவின் அட்டையை எடுத்து, என்னிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். எழுதியதை என் பக்கம் திருப்பினார், சரிபார்க்கிற ஆளிடம் கணக்கைத் திருப்புவதுபோல. காய்ச்சல் ஐந்து நாள். காய்ச்சல் சிரப் பதினொரு வேளை. வயிற்றுப்போக்கு இல்லை. ஆன்டிபயாடிக் இல்லை.

“சரியாருக்கா?”

“சரி,” என்றேன்.

சரியில்லை. மருந்துக்கடையில் சொல்ல வந்த பொய் ஒன்று அதில் ஏறவில்லை. அது என் பெயரில் பாக்கி.