நாற்பது விநாடி

"செய்வினை வெச்சுட்டாடா போற?"

கோழிப்பண்ணை அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த யோகேஷ் திரும்புவதற்குள் முதலாளி வெங்கடாசலத்தின் பைப் ரெஞ்ச் வலது மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் இருவருக்கும் கேட்டது.

"ஐயோ... என்னங்க மொதலாளி?"

"கரண்டு போச்சு. ஜெனரேட்டரு ஸ்டார்ட் ஆயி ஆயி நிக்குது. ஒரு ஃபேனும் சுத்தல. மூடுன ஷெட்டுக்குள்ள இருபதாயிரம் கோழிடா! நீ போற அன்னிக்குன்னு பாத்து நிக்குமா?"

நாமக்கல்லின் சித்திரை வெயில், மதியம் ஒன்றரை. ஷெட் விசிறிகளை ஓட்டும் புரோகிராமை நாலு வருசம் முன்னால் எழுதியவன் யோகேஷ். போன வாரம் வெங்கடாசலத்தின் மகள் சித்ரா, ஏஐயிடம் கொடுத்து ஒரே மத்தியானத்தில் அதைப் புதிதாக எழுதி வாங்கிவிட்டாள். "இனி உனக்கு இங்க என்ன சாமி வேலை?" என்று வெங்கடாசலம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"உடுங்க, நான் போயி ஓட்டறேன்."

"மிச்சத்தையும் கொல்றதுக்கா?"

அடுத்த அடி தோளில். அதற்கடுத்தது வாயில். அவர் அடிக்க அடிக்க, ஷெட்டுக்குள் கூண்டுக் கம்பிகளில் கழுத்தை நீட்டி, அலகு பிளந்து கோழிகள் செத்துக்கொண்டிருந்தன. கூச்சல் தேய்ந்துகொண்டே வந்தது.

ஓடி வந்த சித்ரா அப்பனின் கையைக் கடித்தாள். ரெஞ்ச் விழுந்தது.

"அவரில்லப்பா, நாந்தான்! பழசுல ஒரு ஃபேனுக்கும் அடுத்த ஃபேனுக்கும் நடுவுல நாப்பது விநாடி நிக்கும். 'காரணம் எதுவும் எழுதலையே, எடுத்துடலாமா'ன்னு ஏஐ கேட்டுச்சு. எடுன்னேன். அதுக்கப்பறம் இன்னிக்குத்தான் கரண்டு போச்சு."

யோகேஷ் ரத்தத்தைத் துப்பினான். "எல்லா ஃபேனும் ஒண்ணா கரண்ட இழுத்தா அந்தக் கிழட்டு ஜெனரேட்டரு தாங்காதுங்க. ஓடுங்க, சுவிட்ச்ச கையில போடுங்க. ஒண்ணு போட்டு நாப்பது எண்ணிட்டு அடுத்தது."

அவள் ஓடினாள். அவன் சுவரைப் பிடித்தபடி பின்னால் போய் எண்ணினான். ஆறாவது விசிறி சுற்றியபோது இறகும் வெக்கையும் வெளியே அடித்தன. பாதிக் கூண்டுகளில் அசைவில்லை.

"காரணத்த ஏண்டா எழுதி வெக்கல?"

"எழுதியிருந்தா போன வருசமே அனுப்பியிருப்பீங்க."

வெங்கடாசலத்தின் கை ஓங்கியது. இறங்கவில்லை.

"பெட்டியப் பிரி. இங்கயே இரு."

சித்ரா அதற்குள் போனில் ஏஐக்குத் தட்டிவிட்டிருந்தாள்: ஜெனரேட்டர் தாங்காது, ஒவ்வொன்றாகப் போடு.

"சரி பண்ணிக் குடுத்துருச்சுப்பா."

வெங்கடாசலம் மகளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். 'இரு' என்று இரண்டாம் முறை சொல்லவில்லை.

யோகேஷ் இடது கையால் பெட்டியைத் தூக்கினான்.

"இப்ப அதுக்கும் தெரிஞ்சு போச்சுங்க. ஆஸ்பத்திரி வரைக்கும் வண்டில கொண்டுபோயி உடுங்க, போதும்."